மண்ணும் நெருப்பும் – 9: உப்பு மெருகேறிய வெண்பாண்டங்கள்

ரைன் நதிக்கரைக் குயவர்கள் எரிந்துகொண்டிருக்கும் சூளைக்குள் உப்பை வாரிப்போட்டுக் கற்பாண்டங்களுக்கு மெருகேற்றும் உபாயத்தைக் கண்டுபிடித்ததையும், தாடிக்காரர் முகம் பொறித்த அவர்களுடைய பழுப்பு நிறக் கூஜாக்கள் கப்பல் கப்பலாக லண்டன் துறையில் வந்து இறங்கியதையும், அந்த இறக்குமதியை எதிர்த்து ஜான் டுவைட் என்ற கல்விமான் புல்ஹாமில் தொழிற்சாலை நிறுவி 1672-ஆம் ஆண்டில் அரசரிடம் தனியுரிமைப் பத்திரம் பெற்றதையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அந்த உரிமையை மீறியதாக அவர் 1693-இல் தொடுத்த வழக்கில் பிரதிவாதிகளாக நிறுத்தப்பட்டவர்களுள் நாட்டிங்ஹாம் நகரத்து மார்லியும், ஹாலந்திலிருந்து வந்து குடியேறிய எலர்ஸ் சகோதரர்களும், பர்ஸ்லம் என்ற மலையோரச் சிற்றூரைச் சேர்ந்த வெட்ஜ்வுட் குடும்பத்தார் சிலரும் இருந்தார்கள். 1684-இல் பதினான்கு ஆண்டுகளுக்கெனப் புதுப்பிக்கப்பட்ட பத்திரம் 1698-இல் காலாவதியாயிற்று. அதற்குப் பிறகு உப்பு மெருகு எவரும் கையாளக்கூடிய பொதுச் சொத்து. அந்தச் சொத்தை வேறெவரையும்விடத் திறமையாக அனுபவித்தவர்கள் டுவைட்டின் லண்டன் அண்டைவீட்டாரல்லர். ஸ்டாபோர்ட்ஷயரின் வடகோடியில் கிடந்த, நல்ல சாலைகூட இல்லாத பர்ஸ்லத்துக் குயவர்களே ஆவார்கள்.

அவர்கள் கையில் பழுப்புக் கூஜா வெண்ணிறத் தேநீர்க் கெண்டியாகவும், பூவேலைத் தட்டாகவும், சித்திரக் கிண்ணமாகவும் மாறிய ஏறக்குறைய அறுபது ஆண்டுச் சரித்திரமே இந்த அத்தியாயம். அந்தச் சரித்திரத்தில் நாம் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. உப்பு தரும் மெருகு மிகமிக மெல்லியது. அடியில் இருப்பதை அது மூடாது, மறைக்காது, மன்னிக்கவும் செய்யாது. அந்தப் பாண்டங்களின் அலங்காரக் கலை முழுவதும் இந்த ஒரு குணத்துக்குப் பணிந்தும், அதனைப் பயன்படுத்தியும், சில வேளைகளில் அதனோடு மல்லுக்கு நின்றும் வளர்ந்ததுதான்.

வெண்மைக்கு வழி

பதினெட்டாம் நூற்றாண்டு பிறந்தபோது இங்கிலாந்தின் செல்வர் வீடுகளில் தேநீர் குடிக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் சீனத்துத் தேயிலையையும் அதனுடன் சீனப் பீங்கானையும் கொண்டுவந்தன. பீங்கானின் விலையோ நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதது. வெள்ளீயம் கலந்த மெருகு பூசி உள்நாட்டில் செய்யப்பட்ட டெல்ப்ட் வகைப் பாத்திரங்கள் மலிவாகக் கிடைத்தன என்றாலும், கொதிநீர் பட்டால் விரிசல் காண்பதும் விளிம்பு உதிர்ந்து உள்ளேயுள்ள மண் தலைகாட்டுவதும் அவற்றின் பிறவிக் குறைகளாக இருந்தன. பீங்கானைப்போல் வெண்மையும், கல்லைப்போல் உறுதியும், கூலிக்காரன் வீட்டுக்குங்கூட எட்டக்கூடிய விலையும் கொண்ட பாண்டம் ஒன்றை எவன் செய்து தருகிறானோ அவனுக்குச் சந்தை திறந்து கிடந்தது.

பர்ஸ்லத்தின் சொந்த மண் வெந்தால் சாம்பலாகவோ பழுப்பாகவோ மாறும். ஆகவே குயவர்கள் முதலில் ஒரு யுக்தி செய்தார்கள்; உள்ளூர் மண்ணில் குவளையை வனைந்து, அதனை வெண்களிமண் குழம்பில் முக்கி எடுத்து, உப்புச் சூளையில் சுட்டார்கள். வெளித்தோற்றத்துக்கு வெள்ளைதான், ஆனால் விளிம்பில் குழம்பு வழிந்து மெலிந்த இடத்தில் சாம்பல் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். அந்த விளிம்புக்கு இரும்புச் சத்துள்ள பழுப்பு வண்ணத்தில் ஒரு பட்டை தீட்டி, குறையையே ஓர் அணிபோல் ஆக்கிவிட்ட அந்தக் காலத்துக் குவளைகள் இன்றும் காட்சிச்சாலைகளில் இருக்கின்றன.

மேலுக்கு மட்டுமன்றி உள்ளும் புறமும் வெளுத்த பாண்டத்துக்கு இரண்டு பொருள்கள் வேண்டியிருந்தன. ஒன்று, தெற்கே டெவன், டார்செட் பிரதேசங்களில் வெட்டியெடுக்கப்பட்ட, சுட்டால் வெளுக்கும் களிமண். மற்றொன்று, சுட்டுப் பொடித்த சக்கிமுக்கிக்கல். கருநிறமான அந்தக் கல்லை நெருப்பில் சுட்டு நீரில் போட்டால் நொறுங்கி வெளுத்துவிடும். அதன் பொடியைக் களிமண்ணோடு கலந்தால் பாண்டம் வெண்மையும் பெறும், உயர்ந்த உஷ்ணத்தில் நெளியாமல் நிற்கும் திடமும் பெறும். இந்தக் கலவையைக் கண்டுபிடித்த பெருமையை ஷெல்டன் ஊர் ஜான் ஆஸ்ட்பரிக்குச் சூட்டி ஸ்டாபோர்ட்ஷயரில் ஒரு கதை வழங்கிவந்தது. அவர் லண்டனுக்குக் குதிரையேறிப் போகும் வழியில் குதிரைக்குக் கண்நோவு கண்டதாம். சத்திரத்துக் குதிரைக்காரன் சக்கிமுக்கிக்கல் ஒன்றை நெருப்பில் சுட்டுப் பொடித்துக் கண்ணில் ஊதினானாம். அந்தப் பொடியின் தூய வெண்மையைக் கண்ட ஆஸ்ட்பரிக்குத் தம் தொழிலின் ஞாபகம் வந்ததாம். பயணங்களும் சத்திரங்களும் நிறைந்த இத்தகைய கதைகளைத் தொழில்கள் தங்கள் பூர்வபுராணமாக வைத்துக்கொள்வது எந்த நாட்டிலும் வழக்கந்தான். கதையை நம்பினாலும் நம்பாவிட்டாலும், 1720-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அந்தக் கலவை ஸ்டாபோர்ட்ஷயரில் நிலைபெற்றுவிட்டது என்பதில் ஐயமில்லை.

இந்த வெண்மைக்கு மனிதர் கொடுத்த விலையையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். கல்லை முதலில் உலர்ந்தபடியே இடித்துச் சலித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத கூரிய தூசு இடிப்பவர்களின் மூச்சோடு உள்ளே சென்று சுவாசகோசங்களில் தங்கி, வாலிபர்களையும் சில ஆண்டுகளில் படுக்கையில் தள்ளிற்று. தாமஸ் பென்சன் என்பவர் 1726-இல் கல்லை நீருக்குள் வைத்து அரைக்கும் இயந்திரத்துக்கு உரிமைப் பத்திரம் கேட்டு விண்ணப்பித்தபோது, எவ்வளவு ஆரோக்கியமான ஆளாயினும் இந்தத் தொழிலில் இரண்டு ஆண்டுகளுக்குமேல் பிழைத்திருப்பது அரிது என்று எழுதினார். இயந்திரத்தின் இரும்புக் குண்டுகள் தேய்ந்து பொடியில் கறை சேர்த்ததால், 1732-இல் அவர் எடுத்த இரண்டாம் பத்திரத்தில் இரும்புக்குப் பதிலாகக் கல் குண்டுகளைக் குறிப்பிட்டார். கறைபடாத வெண்மை, தூசில்லாத காற்று என்ற இரண்டு நன்மைகளும் இவ்வாறு ஒரே நீர்த்தொட்டியிலிருந்து பிறந்தன. எனினும் தூசு அத்துடன் ஒழிந்துவிடவில்லை, குயவர்களின் க்ஷயம் என்று சொல்லப்பட்ட அந்த நோய் பிற்காலத்திலும் அவ்வூர்களை விட்டு நீங்கவில்லை.

களிமண்ணும் கல்லும் தென்கடற்கரையிலிருந்து கப்பலேறி லிவர்பூல் பக்கம் வந்து, வீவர் ஆற்றுப் படகுகளில் வின்ஸ்போர்டு வரை சென்று, அங்கிருந்து பொதிக்குதிரைகளின் முதுகில் சேற்றுப் பாதையில் பர்ஸ்லத்தை அடைந்தன. இத்தனை தூரத்திலிருந்து மூலப்பொருளை வரவழைத்தும் தொழில் அங்கேயே தங்கியதற்குக் காரணம், காலடியில் கிடந்த நிலக்கரியே. ஒரு பங்கு மண்ணைச் சுடப் பல பங்கு கரி வேண்டும். ஆகவே மண்தான் கரியைத் தேடி வரவேண்டியிருந்தது. உப்புக்கோ அதிகத் தூரம் போக வேண்டியதில்லை. அடுத்த மாகாணமான செஷயரின் நார்த்விச், மிடில்விச் ஊர்களில் உப்பு ஊற்றுகள் இருந்தன.

சக்கரமும் அச்சும்

பாண்டத்தை உருவாக்கும் முறைகளில் முதலாவது, என்றும் உள்ள குயவர் சக்கரம். வனைந்து அரைகுறையாக உலர்ந்த பாத்திரத்தைக் கடைசல் பட்டறையில் ஏற்றி, மரத்தையும் தந்தத்தையும் கடைவதுபோலவே சீவி மெலிதாக்கினார்கள். இந்த நுட்பத்தை இப்பக்கத்துக்குக் கற்பித்தவர்கள் எலர்ஸ் சகோதரர்கள்; வெள்ளித் தட்டார் தொழிலில் பழகியிருந்த அவர்கள், பிராட்வெல் காட்டருகே சில ஆண்டுகள் மட்டுமே இருந்து, மெருகில்லாத செம்மண் தேநீர்க் கெண்டிகளைச் செய்துவிட்டு நஷ்டத்தோடு ஊரைவிட்டுப் போனார்கள். ஆனால் மண்ணையும் உலோகத்தைப்போல் அளவாகவும் கூர்மையாகவும் கையாளலாம் என்ற பாடத்தைப் பர்ஸ்லம் மறக்கவில்லை. சிறு அச்சில் அழுத்தி எடுத்த திராட்சை இலைகளையும் மலர்களையும் பாத்திரத்தின் மேல் ஒட்டும் வித்தையும் அவர்களால் பெருமை பெற்றதே.

சக்கரம் வட்டத்தை மட்டுந்தான் தரும். வெள்ளிப் பாத்திரங்களைப் பார்த்து மூலைகளும் வளைவுகளும் கொண்ட தட்டுகளை மக்கள் விரும்பத் தொடங்கியபோது, அச்சுகளின் ராஜ்யம் ஆரம்பமாயிற்று. இந்த வேலையில் நிகரற்றவர் என்று பெயரெடுத்தவர் ஆரன் வுட். 1717-இல் பிறந்த இவர், 1731-இல் டாக்டர் தாமஸ் வெட்ஜ்வுட் என்பவரிடம் ஏழாண்டு ஒப்பந்தத்தில் சீடராகச் சேர்ந்தார். கடைசல், கைப்பிடி பொருத்துதல், சீர்செய்தல் ஆகியவற்றைக் கற்பிப்பதாகவும், சக்கரத்தில் வனைவது மட்டும் அதில் சேராது என்றும் அந்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. சக்கர வேலையைச் சேர்க்காத ஒப்பந்தத்தால் வந்த சீடன், சக்கரம் செய்ய முடியாத உருவங்களையெல்லாம் செய்து புகழடைந்தது விதியின் விநோதம். பல தொழிற்சாலைகளுக்கு அவர் மூல அச்சுகளைச் செதுக்கிக் கொடுத்தார்.

மூல அச்சு என்பது என்ன? இன்றும் எஞ்சியுள்ள அத்தகைய ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தால் அதன் சூக்ஷ்மம் விளங்கும். சாதாரணத் தட்டைவிடக் கனமாகவும் தடிப்பாகவும் இருக்கும் அது, தானே உப்பு மெருகேறிய கற்பாண்டம். கலைஞன் களிமண்ணில் செதுக்கிய உருவம் சுட்டு நிரந்தரமாக்கப்பட்டிருக்கிறது. அதன் முகத்தில் தட்டின் அலங்காரம் முழுவதும், விளிம்பைச் சுற்றியோடும் கூடைப்பின்னலும், பின்னலுக்கிடையே கட்டங்களும், கட்டத்துக்குள் சிறு புள்ளிகளும், ஒரு ரேகைகூட மழுங்காமல் நிற்கும். இந்த மூலத்தின் மேல் பாரிஸ் சாந்தை ஊற்றி வேலை அச்சுகளை எடுப்பார்கள். வேலை அச்சு தேய்ந்தால் மறுபடியும் மூலத்திலிருந்து புதியது. ஆகையால் ஒரு கலைஞனின் ஒரு மாத வேலை பதினாயிரம் மேஜைகளுக்குப் போய்ச் சேரும். கைத்தொழிலுக்கும் யந்திரத் தொழிலுக்கும் நடுவே இருந்த பாலங்களில் இந்த மூல அச்சும் ஒன்று என்று சொன்னால் மிகையாகாது.

பாரிஸ் சாந்தை அங்கே கொண்டுவந்தவர் காப்ரிட்ஜ் ஊர் ரால்ப் டேனியல் என்றும், பிரான்சுக்குப் போய்ப் பீங்கான் தொழிற்சாலையில் அதனைப் பார்த்து 1745-ஐ ஒட்டித் திரும்பி வந்தார் என்றும் ஸ்டாபோர்ட்ஷயர் சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் சுட்ட மண்ணாலும் மென்கல்லாலும் செய்த அச்சுகளில் மண்தகட்டை வைத்து அழுத்தினார்கள். சாந்தின் குணம் நீரை உறிஞ்சுவது. ஆகவே மண்ணைப் பால்போலக் கரைத்து அச்சுக்குள் ஊற்றினால், சுவரையடுத்த நீரைச் சாந்து குடித்துவிட, அங்கே மண் மெல்லிய ஏடாகப் படிந்து நிற்கும். எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டு, ஏடு உலர்ந்து சுருங்கியதும் அச்சைப் பிரித்தால் பாத்திரம் தயார். முட்டையோடு போன்ற மெலிவும் கற்பனைக்கு எட்டிய எந்த உருவமும் இந்த வார்ப்பினால் சாத்தியமாயின. சுமை தாங்கி மண்டியிட்ட ஒட்டகம், ஜன்னலும் கதவும் கொண்ட இரண்டடுக்கு வீடு, சிப்பி, அணில், கப்பல் என்று தேநீர்க் கெண்டிகள் பல அவதாரங்கள் எடுத்தது இக்காலத்திலேதான். முடிச்சு முடிச்சாக வளைந்த காட்டு ஆப்பிள் மரக்கிளையைப்போலக் கைப்பிடியையும் மூக்கையும் அமைப்பது அப்போது பெரிய நாகரிகமாக இருந்தது.

சனிக்கிழமை மேகம்

இனிச் சூளைக்கு வருவோம். உப்பு மெருகுப் பாண்டம் ஒரே தடவைதான் சுடப்படுகிறது. மண்ணைக் கல்லாக்குவதும் அதற்கு மெருகேற்றுவதும் ஒரே நெருப்பு. பாத்திரங்களை மண்ணுறைகளுக்குள் அடுக்கி, உறைகளைச் சூளைக்குள் தூண் தூணாக ஏற்றுவார்கள். மற்றச் சூளைகளில் இந்த உறைகள் புகையும் சாம்பலும் உள்ளே நுழையாதபடி காப்பதற்காக ஏற்பட்டவை. உப்புச் சூளையிலோ ஆவி உள்ளே புகுந்தால்தான் மெருகு கிட்டும் என்பதனால், உறைகளின் பக்கங்களில் பெரிய துவாரங்களை வெட்டிவிடுவார்கள். காவலுக்கென்று வைத்த சுவரில் விருந்தாளிக்கென்று வாசல் திறப்பது இந்தத் தொழிலுக்கே உரிய முரண்பாடு.

நெருப்பு ஏறி, உள்ளே சூடு 1200 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டி, இரும்புக் கம்பியால் வெளியே இழுத்துப் பார்த்த மண்வளையம் வெந்துவிட்டதென்று காட்டியதும், தலைமைச் சூளைக்காரர் உத்தரவு கொடுப்பார். சூளையைச் சுற்றி உயரே கட்டிய மேடையில் ஆட்கள் ஏறி, கூரையிலுள்ள துவாரங்களின் வழியாக உப்பைக் கரண்டி கரண்டியாக உள்ளே வீசுவார்கள். விழுந்த உப்பு படபடவென்று வெடித்து, கணத்தில் ஆவியாகிவிடும். நீராவியின் உதவியால் அது பிரிந்து, அதிலுள்ள சோடா பாண்டத்தின் மேனியிலுள்ள மணற்சத்தோடும் அலுமினாவோடும் கலந்து கண்ணாடியாகிறது. மற்றப் பாதியான அமிலவாயு புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. இடையிடையே நெருப்பைத் தூண்டியும், மறுபடி உப்பிட்டும், மறுபடி வளையம் இழுத்துப் பார்த்தும் மெருகு போதுமான அளவு ஏறிவிட்டதா என்று நிச்சயிப்பார்கள்.

வாரம் முழுவதும் செய்த வேலை சனிக்கிழமை காலையில் உப்பிடும் கட்டத்துக்கு வருவது பர்ஸ்லத்தின் வழக்கமாக இருந்தது. காலை எட்டு மணிமுதல் நண்பகல்வரையில் ஊரிலுள்ள சூளைகள் அனைத்தும் ஒருசேர வெண்புகையைக் கக்க, எதிரே வருபவர் தெரியாமல் வழிப்போக்கர் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆசிரியர் சிமியன் ஷா பழையவர்களிடம் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். அந்தப் புகையில் கலந்திருந்தது அமிலவாயு என்று இன்று அறிந்த நாம் ஊராரின் தொண்டைக்காக இரங்கலாம்; அவர்களோ அதனை வாரக்கூலி வரப்போகும் சமிக்ஞையாகவே எண்ணியிருப்பார்கள்.

தோலின் மேல் சித்திரம்

இவ்வாறு பிறந்த மெருகு, பூச்சன்று. பாண்டத்தின் மேனியே கண்ணாடியாக மாறிய ஒரு தோல். ஈய மெருகு தேன்போலத் தேங்கிப் பள்ளங்களை நிரப்பிவிடும். உப்பு மெருகோ செதுக்கலின் முனையில் எவ்வளவு மெலிதோ, பள்ளத்திலும் அவ்வளவே மெலிது. ஆரஞ்சுத் தோலில் காணும் நுண்குழிகளைப் போன்ற அதன் மேற்பரப்பு ஒளியைச் சிதறடித்துச் சாந்தமான ஒரு பளபளப்பைத் தருகிறது. கூடைப்பின்னலும் புள்ளிக் கட்டமும் நெல்மணி வரிசையும் இறகுவிளிம்பும் அந்தத் தட்டுகளில் அவ்வளவு தெளிவாக நிற்பதற்கு ஆரன் வுட்டின் உளி ஒரு காரணமென்றால், அந்த உளியின் ஒவ்வொரு கோட்டையும் விழுங்காமல் விட்டுவைத்த மெருகு மற்றொரு காரணம். வேறு நிறமே தீட்டாமல் வெண்மையும் நிழலுமாக மட்டும் விடப்பட்ட இந்தத் தட்டுகளே அக்கலையின் சிகரம் என்பது என் அபிப்பிராயம்.

நாட்டின் செய்திகளுக்கும் இந்தப் பாண்டங்கள் இடங்கொடுத்தன. 1739-இல் அட்மிரல் வெர்னன் ஆறே கப்பல்களைக்கொண்டு ஸ்பானியரின் போர்ட்டோபெல்லோ துறைமுகத்தைப் பிடித்தபோது, கோட்டையும் கப்பல்களும் அட்மிரலின் உருவமும் ஒட்டப்பட்ட பாத்திரங்கள் அந்த வெற்றியைக் கொண்டாடின. ஏழாண்டு யுத்தத்தில் இங்கிலாந்தின் நேசரான பிரஷ்ய மன்னர் பிரடெரிக் 1757-இல் பெற்ற வெற்றிகளின் உற்சாகத்தில், அவருடைய முகமும் பிரஷ்யக் கழுகும் ஆயுதக் குவியலும் விளிம்பில் புடைத்து நிற்க, அவருக்கும் அவர் சேனைக்கும் ஜயம் வாழ்த்தும் வாசகத்தோடு தட்டுகள் வந்தன. பத்திரிகை வாசிக்காத வீடுகளிலும் யுத்தச் செய்தி உணவோடு பரிமாறப்பட்டது.

நிறம் வேண்டியவர்களுக்கு இந்த நெருப்பு ஒரு தடை போட்டது. அவ்வளவு கடும் உஷ்ணத்தில் பெரும்பாலான வண்ணங்கள் பொசுங்கிவிடும். இரும்பின் பழுப்பும் கோபால்ட்டின் நீலமுமே தாங்கி நிற்கும். ஆகவே சூளைக்குப் போகுமுன் நிறமிடும் கலை இந்த இரண்டையே நம்பியது. முதலில் பழுப்பும், 1740-களிலிருந்து நீலமும் வழக்கத்துக்கு வந்தன. பதமாக உலர்ந்த குவளையின் மேல், பூவேலைக்காரிகள் என்று பெயர்பெற்ற பெண்கள், கூரிய ஆணிமுனையால் தண்டும் இலையும் பூவும் பறவையும் கீறுவார்கள். கீறலின்மேல் கோபால்ட் பொடியைத் தேய்த்து, மேலே ஒட்டியதைத் துடைத்துவிட்டால், நீலம் கோட்டுக்குள் மட்டும் தங்கும். அழித்துத் திருத்த வழியில்லாத வேலையாகையால் கை தயங்காமல் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தின் துணிச்சலை இன்றும் அக்கோடுகளில் காணலாம். இரண்டு கைப்பிடியுள்ள விருந்துக் கிண்ணங்களில் உடையவர் பெயரும் ஆண்டும் இம்முறையில் எழுதப்பட்டிருப்பதனாலேயே அவற்றின் காலம் நமக்கு ஐயமின்றித் தெரிகிறது.

கோட்டோடு நில்லாமல் பாத்திரம் முழுவதையும் நீலத்தில் ஆழ்த்தியவர்கள் வில்லியம் லிட்லரும் ஆரன் வெட்ஜ்வுட்டும். 1750-ஐ ஒட்டி அவர்கள் வெண்பாண்டத்தைக் கோபால்ட் கலந்த மண்குழம்பில் முக்கியெடுத்துச் செய்த கருநீலக் கெண்டிகள், மற்ற உப்பு மெருகுப் பாண்டங்களில் காணாத வழுவழுப்பும் ஜ்வலிப்பும் உடையவை. லிட்லர் பிறகு லாங்டன் ஹால் பீங்கான் தொழிற்சாலையை நடத்தப் போனபோது அந்த நீலமும் அவரோடு சென்றது.

சிவப்பும் பச்சையும் மஞ்சளும் வேண்டுமென்றால் பாண்டம் இரண்டாம் தடவை நெருப்புக் காண வேண்டும். கண்ணாடிப் பொடியோடு சேர்த்தரைத்த எனாமல் வண்ணங்களை, சுட்டு முடிந்த மெருகின்மேல் தூரிகையால் தீட்டி, தழல் நேரே படாத சிறு அடைப்புச் சூளையில் குறைந்த சூட்டில் வைத்து ஒட்டச் செய்வார்கள். காப்ரிட்ஜை அடுத்த ஹாட் லேனில் ஹாலந்துக்காரர் இருவர் இந்த வித்தையை இரகசியமாக நடத்தினார்கள் என்றும், இரகசியம் சீக்கிரம் ஊரறிந்ததாயிற்று என்றும் சொல்வார்கள். அதே ஹாட் லேனில் ஆன் வார்பர்ட்டன் என்ற விதவை எனாமல் பட்டறை நடத்திப் பேரெடுத்தார். லீட்ஸ் நகரிலும் ராபின்சன், ரோட்ஸ் என்ற கூட்டாளிகள் இத்தொழிலைச் செய்தார்கள். மெருகு மெல்லியதாகையால் வண்ணம் அதற்குள் அமிழ்ந்து கரையாமல் மேலேயே திரண்டு நிற்கிறது. வெண்பரப்பின் மேல் ரத்தினக்கல் பதித்தது போன்ற அந்தப் பிரகாசம் பீங்கானில்கூட எளிதில் வாய்ப்பதில்லை. சீனத்து மாதரும் செம்பருத்திப் பூவும் மட்டுமன்றி, 1745-இல் கலகம் செய்து தோற்ற இளவரசர் சார்லஸ் எட்வர்டின் உருவமும் சில கெண்டிகளில் உண்டு. அரசுக்கு அஞ்சிய பக்தர்கள், கதவைச் சாத்திக்கொண்டு அவற்றில் தேநீர் ஊற்றியிருப்பார்கள்.

இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்தது செப்புத்தகட்டுச் சித்திரத்தைக் காகிதத்தில் ஒற்றிப் பாண்டத்துக்கு மாற்றும் முறை. லிவர்பூலில் ஜான் சாட்லரும் கை கிரீனும் ஆறு மணி நேரத்தில் 1200-க்கு மேற்பட்ட ஓடுகளில் சித்திரம் ஒற்றியதாக 1756-இல் சத்தியப்பிரமாணம் எழுதிக்கொடுத்தார்கள். உப்பு மெருகுத் தட்டுகள் சிலவும் இம்முறையில் சித்திரம் பெற்றன. ஆனால் நுண்குழிகள் நிறைந்த தோல் மெல்லிய மைக்கோட்டைச் சரியாக ஏற்பதில்லை. செதுக்குக் கலைக்கும் கீறலுக்கும் எனாமலுக்கும் உறுதுணையாக இருந்த அதே குணம், எதிர்காலம் எதனிடம் இருந்ததோ அந்த அச்சுச் சித்திரத்துக்கு இடையூறாயிற்று.

விலையும் வீழ்ச்சியும்

1760-களின் தொடக்கத்தில் சாலை வசதி வேண்டிப் பார்லிமெண்டுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில், பர்ஸ்லத்திலும் சுற்றுப்புறத்திலும் ஏறக்குறைய 150 தொழிற்சாலைகள் இருப்பதாகவும், சுமார் 7000 பேர் அவற்றால் பிழைப்பதாகவும், பாண்டங்கள் லண்டன், லிவர்பூல், ஹல் முதலிய துறைமுகங்களிலிருந்து அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் போவதாகவும் கண்டிருக்கிறது. விர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் மண்ணைத் தோண்டியவர்கள் ஸ்டாபோர்ட்ஷயர் வெண்தட்டின் துண்டுகளைக் கண்டெடுத்தது இதற்குச் சாக்ஷி. இந்த வர்த்தகத்தில் செழித்த தாமஸ், ஜான் வெட்ஜ்வுட் சகோதரர்கள் 1750-இல் பர்ஸ்லத்தில் கட்டிய மாளிகையை ஊரார் பெரிய வீடு என்றே அழைத்தார்கள்.

ஆனால் 150 தொழிற்சாலைகள் ஒரே பொருளைச் செய்தால் போட்டி விலையைத்தான் தின்னும். 1759-இல் சொந்தத் தொழில் தொடங்கிய இளைஞர் ஜோசையா வெட்ஜ்வுட், தம் பரிசோதனைக் குறிப்பேட்டின் முகப்பில் அன்றைய நிலைமையை எழுதியிருக்கிறார். உப்பு மெருகு வெண்பாண்டமே ஊரின் முதன்மைச் சரக்கு. அது நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வந்ததனால் விலை மிகவும் இறங்கிவிட்டது. ஆகவே அதற்கு இயன்ற சிறப்பைத் தரும்படி செலவு செய்யக் குயவர்களால் முடியவில்லை என்பது அவர் கூற்றின் சாரம். ஒரு கலை முடிந்துபோனதற்கு மரண விசாரணை அறிக்கைபோல் அமைந்த இந்த வாக்கியத்தில், மெருகின் குறை ஒன்றுகூடச் சொல்லப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தொழில் கெட்டதற்கு நெருப்போ மண்ணோ காரணமில்லை. ஒருவரையொருவர் கீழிறக்கிய வியாபாரிகளின் கணக்கே காரணம். தேய்ந்த அச்சைப் புதுப்பிக்காமல் மேலும் நூறு தட்டு எடுத்தவன் அன்று நாலு காசு மிச்சப்படுத்தினான். மழுங்கிய பூவேலையைக் கண்ட வாடிக்கைக்காரி மறுமுறை வேறு சரக்கைக் கேட்டாள். மறைக்கத் தெரியாத மெருகு, எஜமானனின் கஞ்சத்தனத்தையும் மறைக்காமல் ஊருக்குக் காட்டிவிட்டது.

அந்த வேறு சரக்கும் வெளியூரிலிருந்து வரவில்லை. அதே வெண்களிமண்ணும் அதே சக்கிமுக்கிக்கல் பொடியும் சேர்ந்த கலவையை உப்புச் சூளையில் கல்லாக்காமல், குறைந்த சூட்டில் ஒருமுறை சுட்டு, திரவ ஈய மெருகில் முக்கி மறுபடி சுட்டால், வெண்ணெய் நிறத்தில் வழுவழுப்பான ஒரு பாண்டம் கிடைத்தது. அதில் கரண்டியோ கத்தியோ உராய்ந்து தேயவில்லை. ஒற்றுச் சித்திரமும் இழுக்கில்லாமல் படிந்தது. ஆரன் வுட்டின் மூல அச்சுகளைப் போன்ற அதே அச்சுகள் அதற்கும் பயன்பட்டன. ஒரே இறகுவிளிம்புத் தட்டு பழைய மெருகிலும் புதிய மெருகிலும் வந்ததைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு யுகம் முடிந்து மறுயுகம் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும். 1780-களுக்குள் உப்பு மெருகு உணவு மேஜையை விட்டு அநேகமாக இறங்கிவிட்டது. பிறகு அது லண்டன் லாம்பெத்தில் சாராயக் கூஜாக்களிலும், 1846 முதல் ஹென்றி டுல்ட்டனின் சாக்கடைக் குழாய்களிலும் உழைத்து, நகரங்களின் சுகாதாரத்துக்குத் தொண்டு செய்தது.

வெண்ணெய் நிறப் பாண்டத்தை 1765-இல் சார்லட் ராணியின் மேஜைக்கு ஏற்றி, அதற்கு ராணியின் பெயரையே சூட்டிய ஜோசையா வெட்ஜ்வுட், உப்பு மெருகுக் குயவர் குடும்பத்தில் பிறந்து அதே ஊரில் தொழில் கற்றவர். எதிரியின் பலவீனத்தை அவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை. விலையைக் குறைத்துப் போட்டியிடுவதை விட்டு, விலையை உயர்த்தி வாங்கவைக்கும் வித்தையை அவர் எங்கே கற்றார், ஈயக் குழம்பை முதலில் வழிப்படுத்திய டன்ஸ்டால் ஊர் ஈனக் பூத்துக்கு அதில் எவ்வளவு பங்கு உண்டு என்பவற்றை அடுத்த அத்தியாயத்தில் விசாரிப்போம்.

(தொடரும்)